ஹார்ட் டிஸ்க் இல்லாத அஞ்சு கொம்பியூட்டர் எப்பிடி எழும்புது, எழும்பி என்ன செய்யுது

மட்டக்களப்பு கல்லடியில எங்கட வீட்டுப் பின் அறையில அஞ்சு பழைய டெல் ஒப்டிப்ளெக்ஸ் பெட்டி ஒரு மேசையில வரிசையா நிக்குது. ஒண்டிலயும் ஹார்ட் டிஸ்க் இல்ல, ஸ்க்ரீன் இல்ல, கீபோர்ட் இல்ல, கரண்ட் வயரும் நெட்வேர்க் கேபிளும் மட்டும்தான். அக்காட மகன் ஒரு நாள் வந்து மூடியக் கழட்டி உள்ளுக்குப் பாத்துட்டு, "மாமா, இதுக்குள்ள டிஸ்க்கே இல்லையே, அப்ப லினக்ஸ் எங்கால இருந்து வருது" எண்டு கேட்டான். நல்ல கேள்வி. லினக்ஸ் எண்டது விண்டோஸ் மாதிரிக் கொம்பியூட்டர ஓட்டுற இலவச சிஸ்டம். அவனுக்குச் சொன்னதத்தான் கொஞ்சம் விரிச்சு இஞ்ச எழுதுறன், ஏனெண்டா இதத் தமிழ்ல ஆறுதலாச் சொல்லித்தாற ஆள் எனக்குத் தொடங்கக்குள்ள கிடைக்கல்ல.

முதல்ல இந்தப் பெட்டியள் என்ன வேலை செய்யுது எண்டத சொல்லிடுறன். உலகத்தில சில ஆராய்ச்சிக்குப் பயங்கரமாக் கணக்குப் பாக்கணும், ஒரு பல்கலைக்கழகத்தில இருக்கிற மெஷினுகள மட்டும் வெச்சுச் செய்தா வருசக்கணக்கில போகும். அப்ப அவங்க அந்தக் கணக்கத் துண்டு துண்டா வெட்டி, விருப்பமான ஆக்கள்ட கொம்பியூட்டருக்கு இன்டர்நெட்டால அனுப்புவாங்க, நம்மட மெஷின் அதச் செய்து முடிச்சு விடையத் திருப்பி அனுப்பும். இதுக்குக் காசு ஒண்டும் கிடையாது, விருப்பத்தில செய்யுறது.

படுவான்கரைப் பக்கம் வெள்ளாமை வெட்டு பாத்த ஆக்களுக்கு இது லேசா விளங்கும். ஒரு பெரிய வட்டை முழுக்க நெல் விளைஞ்சு நிக்குது, ஒராள் வெட்டி முடிக்க ஏலா, ஆக்கள் வந்து இந்த வரவை உனக்கு அந்த வரவை எனக்கு எண்டு பிரிச்சு வெட்டினா ஒருத்தர் முடிக்கும் வரைக்கும் மத்தவர் காத்திருக்கத் தேவையில்ல, கடைசியில எல்லாரும் வெட்டினதக் கொண்டு வந்து ஒரே சூட்டுக் குவியல்ல அடுக்கினாச் சரி. ஆனா அதே வயலுக்குத் தண்ணி பாய்ச்சுறது வேற மாதிரி. மேல் வரவை நிரம்பி வக்கடையால வழிஞ்சாத்தான் கீழ் வரவைக்குத் தண்ணி வரும், ஒண்டு மத்ததில தங்கிக் கிடக்கு. கணக்கிலயும் இந்த ரெண்டு வகையும் இருக்கு. வெட்டு மாதிரி இருக்கிற கணக்கு எண்டா உலகத்தின்ட எந்த மூலையில கிடக்கிற மெஷினும் செய்யலாம், தண்ணி மாதிரி இருக்கிற கணக்கு எண்டா மெஷினுகள் பக்கத்தில பக்கத்தில இருந்து கெதியாக் கதைச்சுக் கொண்டே இருக்கணும். நாம செய்யப் போறது முதலாவது வகை, அதாலதான் பழைய பெட்டியும், கேபிளுகள ஒண்டாச் சேக்கிற சாதாரண ஸ்விட்சும் போதுமா இருக்கு.

இப்பிடிப் பல கொம்பியூட்டரக் கேபிளால சேத்து ஒண்டா வேலை வாங்குறதுக்குக் கிளஸ்டர் எண்டு பேர். அந்தச் சொல்லக் கேட்டவுடன பெரிய கண்ணாடி அறைக்குள்ள குளிர்ல நிக்கிற மெஷினுகள்தான் பலருக்கும் ஞாபகம் வரும். 1994-இல அமெரிக்காவில நாசாட கொடார்ட் நிலையத்தில தோமஸ் ஸ்டேர்லிங், டொனால்ட் பெக்கர் எண்ட ரெண்டு பேர் கடையில வாங்கக் கூடிய சாதாரண 486 கொம்பியூட்டர் 16-ஐ ஈதர்நெட் கேபிளால பிணைச்சு லினக்ஸ் போட்டு ஓட்டிக் காட்டினாங்க, பேவுல்ஃப் எண்டு பேர் வெச்சாங்க. சாதாரண பெட்டி, இலவச லினக்ஸ், கேபிள், இந்த மூண்டும் சேந்தாப் போதும் எண்டது அப்பவே தெரிஞ்ச விசயம்.

வீட்டு மெஷினுகளுக்கு வேலை அனுப்புற விசயம் ஊர் உலகத்துக்குத் தெரிய வந்தது 1999 மே மாசம், கலிபோர்னியாவில பேர்க்லி பல்கலைக்கழகம் செட்டி அட் ஹோம் தொடங்கின நேரம். புவேர்ட்டோ ரிக்கோவில இருந்த அரெசிபோ டெலஸ்கோப் பிடிச்ச ரேடியோ சத்தத்த 107 செக்கன் துண்டுகளா வெட்டி அனுப்புவாங்க, ஒரு துண்டு 350 கிலோபைட்டும் வராது, அதுக்குள்ள வேற உலகத்து ஆக்கள்ட சிக்னல் இருக்குதா எண்டு நம்மட மெஷின் தேடும். 50 லட்சத்துக்கும் கூடின ஆக்கள் சேந்தாங்க. 2020 மார்ச் 31-ஓட புது வேலை அனுப்புறத நிப்பாட்டிட்டாங்க. ஆனா அந்த அனுபவத்தில இருந்து பேர்க்லியில டேவிட் அன்டர்சனும் ஆக்களும் செய்த பொயிங்க் எண்ட சொஃப்ட்வேர் இண்டைக்கும் ஓடுது. பொயிங்க்க ஒருக்கா இன்ஸ்டோல் பண்ணினா எந்த ஆராய்ச்சிக்கு உதவி செய்யுறது எண்டு நாமளே தெரிவு செய்யலாம். ரொசெட்டா அட் ஹோம் புரதத்தின்ட வடிவத்தக் கணிக்கிறது, டேவிட் பேக்கர்ட ஆய்வுகூடத்தில பிறந்தது, அவருக்கு 2024-இல வேதியியலுக்கு நோபல் பரிசு கிடைச்சது. ஐன்ஸ்டைன் அட் ஹோம் வானத்தில சுழலுற பல்சர் நட்சத்திரங்களத் தேடுறது. 2010-இல அவங்க அறிவிச்ச ஒரு பல்சர், செக்கனுக்கு 41 தடவை அளவில சுழலுறது, அத முதல்ல பிடிச்சது பெரிய ஆய்வுகூடத்து மெஷின் இல்ல, அமெரிக்காவில ஐயோவாவில ஒரு புருசன் பொஞ்சாதிட கொம்பியூட்டரும் ஜெர்மனியில ஒருத்தர்ட கொம்பியூட்டரும். எனக்கு இதுதான் மனசில ஒட்டிப் போன கதை. நம்மட பெட்டியிலயும் அப்பிடி ஒண்டு வந்து விழலாம்.

ஃபோல்டிங் அட் ஹோம் எண்டது பொயிங்க்ல சேராத தனி ஒண்டு, புரதம் எப்பிடி மடியுது எண்டு பாக்கிறது, 2000-இல ஸ்டான்ஃபோர்ட்ல விஜய் பாண்டே தொடங்கினது. 2020 மார்ச்சில கொரோனா வந்து நாம எல்லாம் ஊரடங்கில வீட்டுக்குள்ள கிடந்த நேரம் அதுக்கு அவ்வளவு ஆக்கள் சேந்து மொத்த வேகம் ஒரு எக்ஸாஃப்ளொப்ப, எண்டா செக்கனுக்கு ஒண்டுக்குப் பின்னால 18 சைபர் போட்ட அளவு கணக்கத் தாண்டினது, அந்த நேரம் உலகத்தில எந்த சூப்பர் கொம்பியூட்டரும் அந்த வேகத்துக்கு வரல்ல. நான் இதுக்குள்ள இறங்கினதும் அந்த ஊரடங்கிலதான், ஒரு லெப்டொப்போட.

மறுகா ஒரு ரியூஷன் கிளாஸ் மூடக்குள்ள அஞ்சு பெட்டி மலிவாக் கிடைச்சது. எல்லாம் 2012 காலத்து ஐ5 புரொசசர், ஒரே நேரத்தில நாலு கணக்குச் செய்யுற நாலு கோர், 8 ஜிபி ராம். ஹார்ட் டிஸ்க் அஞ்சும் பழுது. இந்த இடத்திலதான் டிஸ்க் இல்லாம ஓட்டுற யோசினை வந்தது.

ஒரு விசயத்த இப்பவே சொல்லிடணும். உங்களிட்ட ஒரு மெஷின் இல்லாட்டி ரெண்டு மெஷின்தான் இருக்கெண்டா இதச் செய்ய வேணாம், சின்ன எஸ்எஸ்டி டிஸ்க் ஒண்டு வாங்கிப் போட்டுட்டு பொயிங்க்க ஓட விடுங்க, அதான் லேசு. நாலு அஞ்சு பெட்டிக்கு மேல போனாத்தான் இந்த முறையில லாபம். அஞ்சு டிஸ்க்குக்குக் காசு இல்ல எண்டது ஒண்டு, அத விடப் பெரிசு அஞ்சு லினக்ஸ் இன்ஸ்டோல் பண்ணி அஞ்சையும் அப்டேட் பண்ணித் திரியத் தேவையில்ல. பென் டிரைவில போட்டு ஓட்டலாமே எண்டு சில பேர் கேப்பாங்க, ஓட்டலாம்தான், ஆனா பென் டிரைவ் இப்பிடி ராப்பகலா எழுதுற வேலைக்குச் செய்த சாமான் இல்ல, எனக்கு ரெண்டு மாசத்தில ஒண்டு செத்தது.

இப்ப மருமகன்ட கேள்விக்கு வாறன். லினக்ஸ் எங்கால இருந்து வருது?

அவனுக்குக் காட்டுறதுக்காக ஒரு பெட்டிக்கு ஸ்க்ரீன் கொழுவி சுவிட்சத் தட்டினன். கறுப்புத் திரையில வெள்ளை எழுத்தில நெட்வேர்க் கார்ட்ட மெக் அட்ரஸ், எண்டா அந்தக் கார்டுக்கெண்டே உள்ள நம்பர் வந்தது, அதுக்குக் கீழ டிஎச்சிபி எண்டு வந்து ஒவ்வொரு புள்ளியா ஊர்ந்து போச்சு, கடைசியில ஒரு சின்னக் கோடு கிறுகிக் கொண்டு நிண்டது. "ஆ, இதான் அது கூப்பிடுற நேரம்" எண்டன். நெட்வேர்க் கார்டுக்குள்ளயே ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் கிடக்கு, அதுக்குப் பேர் பிஎக்ஸ்ஈ, இன்டெல் கம்பனி 1990-களின்ட கடைசியில கொண்டு வந்தது. பயோஸ் எண்ட அடிப்படை செட்டிங்ல, எங்க இருந்து எழும்புறது எண்ட பூட் ஓர்டர நெட்வேர்க் எண்டு வெச்சா, பெட்டி எழும்பினவுடன இந்தப் புரோகிராம்தான் ஓடும். அதுக்கு நெட்வேர்க்கில தன்ட விலாசமான ஐபி தெரியா, ஃபைல் குடுக்கிற சேர்வர் மெஷின் எங்க எண்டும் தெரியா, தெரிஞ்சது தன்ட மெக் அட்ரஸ் மட்டும். அதால அது கேபிள்ல இருக்கிற எல்லாருக்கும் கேக்கிற மாதிரி ஒரு சத்தம் போடும், நான் இன்ன மெக் அட்ரஸ், எனக்கு ஒரு ஐபி தாங்க, எத எடுத்து ஓட்டணும் எண்டும் சொல்லுங்க எண்டு. சேர்வர்ல ஐபி பங்கிட்டுக் குடுக்கிற டிஎச்சிபி அதுக்குப் பதில் சொல்லும், இந்தா உன்ட ஐபி, இன்ன மெஷினுக்குப் போ, இன்ன பேர்ல ஒரு ஃபைல் கிடக்கு அத எடு.

மறுகா அந்த ஃபைல எடுக்கிறது டிஎஃப்டிபி எண்ட முறையில. இது மிச்சம் எளிமையான முறை, பாஸ்வேர்ட் கூட இல்ல, அதாலதான் நெட்வேர்க் கார்ட்ட சின்ன இடத்துக்குள்ள அடங்குது. ஆனா மெதுவு. வீடு கட்டுற இடத்தில ஆக்கள் வரிசையா நிண்டு கை மாத்திக் கல் குடுப்பாங்களே அது மாதிரி, 512 பைட் குடுக்கும், கிடைச்சது எண்டு பதில் வரும், அடுத்த 512 பைட் குடுக்கும். 40 எம்பி ஃபைல் ஒண்டு எண்டா 80 ஆயிரம் தடவைக்கு மேல இப்பிடி மாத்தணும். பிறகு வந்த வசதியால ஒரு தடவையில குடுக்கிற அளவக் கூட்டலாம், அப்பிடியும் அஞ்சு பெட்டி ஒண்டா எழும்பக்குள்ள கொஞ்சம் பாத்துக் கொண்டு நிக்கணும். முதல்ல வாறது லினக்ஸக் கொண்டு வந்து ஏத்துற பூட் லோடர், அது சின்னது. அது வந்து மறுகா ரெண்டு ஃபைல் கேக்கும், லினக்ஸ்ட நடுப் பகுதியான கேர்னலும், இனிட்ராம்எஃப்எஸ் எண்ட சின்னத் தற்காலிகப் பொதியும்.

கேர்னல் ராமுக்குள்ள ஏறினவுடன லினக்ஸ் எழும்பிட்டுது. ஆனா அதுக்கு இன்னும் வீடு இல்ல. சாதாரண மெஷின்ல இந்த இடத்தில ஹார்ட் டிஸ்க்கத் தேடி ரூட் எண்ட முதல் ஃபோல்டர மவுண்ட் பண்ணும், எண்டா பாவிக்கிறதுக்குக் கொழுவிக் கொள்ளும். நம்மட பெட்டிக்கு, உன்ட ரூட் டிஸ்க்கில இல்ல, சேர்வர்ல இன்ன ஃபோல்டர்ல என்எஃப்எஸ்ஸால கிடக்கு எண்டு பூட் லோடர்லயே சொல்லி வெச்சிருக்கிறம். என்எஃப்எஸ் எண்டது ஒரு மெஷின்ட ஃபோல்டர இன்னொரு மெஷின் தன்ட ஃபோல்டர் மாதிரிப் பாவிக்கிற முறை, 1984-இல சன் கம்பனி செய்தது, இண்டைக்கும் நல்லா ஓடுது. அதுக்குப் பிறகு அந்தப் பெட்டிக்குத் தனக்கு டிஸ்க் இல்ல எண்ட விசயமே பெரிசாத் தெரியா. ஒரு கமாண்ட் அடிச்சா அந்தப் புரோகிராம் கேபிளால வந்து ராமுக்குள்ள விழும், ஒருக்கா விழுந்தா அங்கயே கிடக்கும், அடுத்த தடவை கேபிள்ல வரத் தேவையில்ல. அதாலதான் பூட் ஆகி முடிஞ்ச பிறகு ஸ்விட்சில லைட் மினுங்குறது மிச்சம் குறைவு. கணக்குச் செய்யுறது முழுக்க புரொசசரும் ராமும்தான்.

என்ட சேர்வர் ஒரு பழைய லெப்டொப். இதுக்கு ரெண்டு காரணம் இருக்கு. லெப்டொப்புக்கு பேட்டரி இருக்கு, கரண்ட் போனாலும் அது உயிரோட இருக்கும், தனியா யுபிஎஸ் வாங்கத் தேவையில்ல. மத்தது, அதின்ட வைஃபைய வீட்டு ரவுட்டர்ல பிடிச்சு இன்டர்நெட் எடுக்கலாம், கேபிள் குத்துற ஓட்டையை அஞ்சு பெட்டியும் இருக்கிற ஸ்விட்சுக்குக் குடுக்கலாம், அப்ப ரெண்டு நெட்வேர்க்கும் தனித்தனி. தனித்தனியா வெக்கிறது கட்டாயம். வீட்டு ரவுட்டரும் டிஎச்சிபி குடுக்கும், ரெண்டையும் ஒரே ஸ்விட்சில போட்டா பெட்டி சத்தம் போடக்குள்ள ரவுட்டர் முந்திப் பதில் சொல்லிடும், ஐபி கிடைக்கும், ஆனா எந்த ஃபைல எடுக்கிற எண்டு அதுக்குச் சொல்லத் தெரியா, பெட்டி அப்பிடியே நிண்டுரும். இன்னொண்டு, என்எஃப்எஸ்ஸும் டிஎஃப்டிபியும் பூட்டு இல்லாத கதவு மாதிரி, வெளி ஆக்கள் வாற நெட்வேர்க்கில வெக்கப்படாது. டிஎச்சிபி, டிஎஃப்டிபி ரெண்டையும் டிஎன்எஸ்மாஸ்க் எண்ட ஒரே சின்னப் புரோகிராம் பாத்துக் கொள்ளும். ஸ்விட்ச் கிகாபிட்டா இருந்தா நல்லம், 100 மெகாபிட் எண்டா செக்கனுக்கு 12 எம்பிக்கு மேல போகாது, ஓடும், பூட் மட்டும் இழுக்கும்.

இனித்தான் உண்மையான விசயம். டிஸ்க் இல்லாத கிளஸ்டர்ல விளங்கிக் கொள்ள வேண்டியது ஒரே ஒரு கேள்வி எண்டு சொன்னாலும் பிழையில்ல: எது எல்லாருக்கும் பொது, எது ஒவ்வொண்டுக்கும் தனி? அஞ்சு பெட்டியும் ஒரே ஃபோல்டரத்தான் ரூட்டா வெச்சிருக்கு. அஞ்சு குடும்பம் ஒரே வளவில ஒரே கிணத்தில தண்ணி அள்ளுற மாதிரி. கிணறு பொதுவா இருக்கலாம், அடுப்பு பொதுவா இருக்க ஏலா. ஒரு பெட்டி ஒரு ஃபைல எழுதினா மத்த நாலுக்கும் அது மாறும், ரெண்டு பெட்டி ஒரே நேரத்தில ஒரே ஃபைல எழுதினா அந்த ஃபைல் நாசம்.

அதால பொது ரூட்ட வாசிக்க மட்டும் ஏலுமான மாதிரித்தான் குடுக்கிறது. ஆனா லினக்ஸ் ஓடக்குள்ள அங்கயும் இஞ்சயும் சின்னச் சின்னதா எழுதிக் கொண்டே இருக்கும், எழுத விடாட்டி கோவிச்சுக் கொண்டு நிண்டுரும். அதுக்கு ஓவர்லே எண்ட வழி இருக்கு. கீழ பொது ரூட், அதுக்கு மேல ராம்ல ஒரு மெல்லிய கண்ணாடித் தாள் விரிச்ச மாதிரி ஒரு படை. பெட்டி எழுதுறது எல்லாம் அந்தத் தாள்ல விழும், பாக்கக்குள்ள ரெண்டும் சேந்து ஒண்டாத் தெரியும், ஓஃப் பண்ணினாத் தாள் போயிடும், கீழ இருக்கிறதுக்கு ஒண்டும் ஆகாது. இதில ஒரு கவனம் வேணும், என்ன நடந்தது எண்டு லினக்ஸ் குறிச்சு வெக்கிற லொக் ஃபைலுகளும் அந்தத் தாள்லதான் விழும், தாள் இருக்கிறது ராம்ல, கிழமைக்கணக்கா ஓட விட்டா லொக் பெருத்து ராமச் சாப்பிட்டுரும். அதால லொக்குக்கு ஒரு அளவு வெக்கணும்.

தனியா இருக்க வேண்டியது எது? பேர். ஒவ்வொரு பெட்டிக்கும் மெக் அட்ரஸப் பாத்து டிஎச்சிபியே பேரும் ஐபியும் குடுக்கும், நான் வாவியும் கடலும் தாற பேருகள வெச்சிருக்கிறன், இறால், நண்டு, கணவாய், சூடை, பாரை. அதுக்குப் பிறகு மெஷின் ஐடி எண்டு ஒரு ஃபைல், ஈடிசி ஃபோல்டருக்குள்ள கிடக்கும், பாத்தா ஒரு நீட்டு நம்பர் மட்டும். இது பொதுவாப் போய்ட்டா ஒரு வில்லங்கம் இருக்கு. நெட்வேர்க் கார்ட் முதல்ல ஐபி கேக்கக்குள்ள மெக் அட்ரஸச் சொல்லிக் கேக்கும், எல்லாம் சரியாப் போகும். ஆனா லினக்ஸ் எழும்பின பிறகு லினக்ஸ எழுப்பி நடத்துற சிஸ்டம்டீட நெட்வேர்க் பகுதி திரும்ப ஒருக்கா ஐபி கேக்கக்குள்ள இந்த மெஷின் ஐடியில இருந்து செய்த அடையாளத்தச் சொல்லிக் கேக்கும். அஞ்சுக்கும் ஒரே ஐடி எண்டா டிஎச்சிபிக்கு அஞ்சும் ஒரே ஆளாத் தெரியும், ஒரே ஐபியத் தூக்கிக் குடுக்கும், ஐபி மாறினவுடன என்எஃப்எஸ் அறுந்து பெட்டி உறைஞ்சு போகும். பூட் ஆகும், ஒரு நிமிசத்தில உறையும், ஏன் எண்டே விளங்காது. வழி என்னெண்டா அந்த ஃபைல வெறுமையா விடுறது, அப்ப ஒவ்வொரு பெட்டியும் எழும்பக்குள்ள தனக்கெண்டு ஒண்டு செய்து கொள்ளும். கேர்னல் எடுத்த ஐபிய மத்தப் புரோகிராம் ஒண்டும் தொடாம விடுறதும் நல்லம்.

பிறகு பொயிங்க்ட டேட்டா ஃபோல்டர். இதில நான் பிழை விட்டன், அதக் கட்டாயம் சொல்லணும். முதல் பெட்டியில பொயிங்க்க செட் பண்ணி ஐன்ஸ்டைன்ல சேத்து நாலு வேலையும் இறங்கி ஓடத் தொடங்கின பிறகு, மத்த நாலுக்கும் திரும்பத் திரும்பச் செய்ய என்னத்துக்கு எண்டு நினைச்சு அந்த ஃபோல்டர அப்பிடியே நாலு கொப்பி எடுத்து ஒவ்வொரு பெட்டிக்கும் குடுத்தன். விடிய எழும்பிப் பாக்கன் அஞ்சு பெட்டியும் அதே நாலு வேலையத்தான் ராவு முழுக்கச் செய்திருக்கு. அந்த ஃபோல்டருக்குள்ள கிளையன்ட் ஸ்டேட் எண்டு ஒரு ஃபைல் இருக்கு, இந்த மெஷின் யாரு, எந்த வேலை கையில இருக்கு, ஐன்ஸ்டைன் திட்டத்துச் சேர்வரோட எத்தினை தடவை கதைச்சது எண்ட கணக்கு முழுக்க அதுக்குள்ளதான். அதக் கொப்பி எடுத்தா ஆளையே கொப்பி எடுத்த மாதிரி. அங்கால இருக்கிற சேர்வருக்குக் குழம்பி, சில வேலைய கைவிட்டது எண்டு போட்டுட்டுது. இருபது கோர் ஒரு ராவு ஓடின கரண்ட் வீணாப் போனது ஒரு பக்கம், நம்மட விடைக்காகக் காத்திருந்த இன்னொரு ஆளுட கணக்கும் பிந்திப் போனதுதான் எனக்கு மனசுக்குக் கஷ்டமா இருந்தது. ஏனெண்டா இந்தத் திட்டங்கள்ல பலதிலயும் ஒரே துண்ட ரெண்டு வேற ஆக்கள்ட மெஷினுக்கு அனுப்பி, ரெண்டு விடையும் ஒத்துப் போனாத்தான் ஏத்துக் கொள்ளுவாங்க.

இப்ப சேர்வர்ல ஒவ்வொரு பெட்டிட பேர்லயும் ஒரு வெறும் ஃபோல்டர் கிடக்கு, அது எழுத ஏலுமான மாதிரி. பெட்டி எழும்பக்குள்ள தன்ட பேரப் பாத்துத் தன்ட ஃபோல்டர மட்டும் மவுண்ட் பண்ணும், பொயிங்க் அதுக்குள்ளதான் எழுதும், முதல் தடவை அதுவே புதுசாப் போய்ச் சேரும். இத ராம்ல வெக்கலாமே எண்டு யோசிக்கலாம், வெச்சா கரண்ட் போற ஒவ்வொரு தடவையும் பாதி செய்த வேலை எல்லாம் போயிடும். பொயிங்க் இடைக்கிடை இவ்வளவு தூரம் வந்துட்டன் எண்டு குறிச்சு வெக்கும், சாதாரணமா 60 செக்கனுக்கு ஒருக்கா, நான் அத 10 நிமிசமாக் கூட்டி வெச்சிருக்கிறன், லெப்டொப்ட எஸ்எஸ்டிக்கு அவ்வளவு எழுத்து வேணாம்.

நம்மட பக்கம் கரண்ட் போறது புதினமான விசயம் இல்ல, 2022-இல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் போனத ஒருத்தரும் மறந்திருக்க மாட்டீங்க. டிஸ்க் இல்லாத பெட்டிட பெரிய நன்மை இதிலதான். திடீரெண்டு நிண்டாலும் கெட்டுப் போக உள்ளுக்கு ஒண்டுமில்ல, கடைசியாக் குறிச்ச இடத்தில இருந்து திரும்பத் தொடங்கும். பயோஸ்ல, கரண்ட் வந்தவுடன தானா எழும்பு எண்டு ஒரு செட்டிங் இருக்கு, அத ஓன் பண்ணி விட்டாச் சரி. சேர்வர் மட்டும் நிண்டு பெட்டியள் உயிரோட இருந்தா என்ன நடக்கும் எண்டும் ஒருக்கா லெப்டொப்ப நிப்பாட்டிப் பாத்தன். ஸ்க்ரீன்ல என்எஃப்எஸ் சேர்வர் பதில் இல்ல, இன்னும் முயற்சி செய்யுறன் எண்டு ஒரு வரி விழுந்து பெட்டி அப்பிடியே நிண்டது. நாலு நிமிசம் கழிச்சு லெப்டொப்ப எழுப்பினன், சேர்வர் ஓகே எண்டு அடுத்த வரி வந்தது, விட்ட இடத்தில இருந்து ஓடத் தொடங்கினது. பாக்க மனசுக்கு அவ்வளவு சந்தோசம்.

கரண்ட் பில்லப் பத்திக் கதைக்காம இத எழுதினா அது நேர்மை இல்ல. என்ட பெட்டி ஒண்டு முழு வேகத்தில ஓடக்குள்ள 80 வாட் அளவில இழுக்குது, அஞ்சுக்கும் 400 வாட். 24 மணித்தியாலமும் விட்டா ஒரு நாளைக்கு 9.6 யூனிட், மாசத்துக்கு 288. வீட்டுப் பாவனைக்கு 180 யூனிட்டத் தாண்டினா உச்சக் கட்டணப் படிக்குப் போயிடும், இது மட்டுமே அதத் தாண்டும். அதால நான் பகல்ல மட்டும், கூரையில சோலார் குடுக்கிற நேரம் எட்டு மணித்தியாலம் ஓட்டுறன், அது மாசத்துக்கு 96 யூனிட். காலையில லெப்டொப் ஒவ்வொரு பெட்டிட மெக் அட்ரஸுக்கும் எழும்பு எண்டு ஒரு சிக்னல் அனுப்பும், வேக் ஒன் லேன் எண்டு சொல்லுறது, பின்னேரம் தானா நிப்பாட்டும். ஐன்ஸ்டைன் வேலைக்குப் பெரும்பாலும் 14 நாள் தவணை, பகல்ல மட்டும் ஓடினாலும் முடியும், நம்மட மெஷின் எவ்வளவு நேரம் ஓடுது எண்டத பொயிங்க்கே பழகி அதுக்கேத்த மாதிரித்தான் வேலை கேக்கும். சோலார் இல்லாத ஆக்கள் ஒரு பெட்டியோட தொடங்குங்க, அதுவும் உதவிதான்.

சூடும் உப்பும். வைகாசி, ஆனியில கச்சான் காத்து வீசக்குள்ள இந்த அறைக்குள்ள நிக்க ஏலா, அந்த நேரம் பொயிங்க்ல நாலு கோர்ல மூண்ட மட்டும் பாவி எண்டு வெச்சிருவன். உப்புக் காத்து வேற கதை. கடல் இஞ்ச இருந்து நடக்கிற தூரம், கணவாய் எண்ட பெட்டி ஒருக்கா எழும்பாம பீப் பீப் எண்டு கத்தினது, ராமக் கழட்டிப் பாத்தா அந்தத் தங்க நிறப் பல்லு வரிசை மங்கிக் கறுத்துக் கிடந்தது. பள்ளிக்கூடப் புள்ளையள் பாவிக்கிற அழிறப்பர எடுத்து மெதுவா ஒரு பக்கமாத் தேச்சன், றப்பர் தூள் கறுப்பாக் கொட்டினது, பல்லு பளிச்செண்டு வந்தது, திரும்பக் குத்தினன், எழும்பிட்டுது. பழைய பெட்டியளில சின்ன வட்ட பேட்டரி செத்துக் கிடக்கும், அதையும் மாத்துங்க, நேரம் பிழைச்சா இன்டர்நெட் சேர்வருகள்ட பாதுகாப்புச் சான்றிதழ் சரியில்ல எண்டு நம்மட பெட்டி அதுகளோட கதைக்கவே மாட்டா.

அப்டேட் பண்ணுறது ஒரு இடத்திலதான், ஆனா பெட்டியள் ஓடிக் கொண்டிருக்கக்குள்ள அந்த ரூட் ஃபோல்டருக்குள்ள கை வெக்காதீங்க, அதுகள் பாவிச்சுக் கொண்டிருக்கிற ஃபைல் காலுக்குக் கீழ மாறிப் போயிடும். ரூட்ட இன்னொரு ஃபோல்டருக்குக் கொப்பி எடுத்து, கொப்பியில அப்டேட் பண்ணி, பூட் லோடர்ல பாதைய மாத்தி, ஒரு பெட்டிய மட்டும் எழுப்பிப் பாருங்க. சரியெண்டா மத்ததுகளும் அடுத்த நாள் காலையில புதுசுக்கு எழும்பும். பிழைச்சா பழைய பாதைக்குத் திரும்புறதுக்கு ஒரு நிமிசம் போதும்.

தொடங்க விரும்புற ஆக்களுக்கு, ஒரு லெப்டொப்பும் ஒரு பழைய பெட்டியும் நடுவில ஒரு கேபிளும் போதும், ஸ்விட்ச் கூட வேணாம். டெபியன் எண்ட லினக்ஸ் வகையில ரூட் ஃபோல்டர் செய்யுறதுக்கு டெபூட்ஸ்ட்ராப் எண்ட கமாண்ட் இருக்கு. முதல்ல பூட் ஆக்கிப் பாருங்க, பொயிங்க்க மறுகா பாப்பம்.

போன ஞாயிறு மருமகன் தன்ட கூட்டாளியிட்ட இருந்து ஒரு சின்ன மினி பிசி கொண்டு வந்தான், டிஸ்க் இல்லாதது. மெக் அட்ரஸ ஸ்க்ரீன்ல பாத்து அவனே கொப்பியில எழுதினான், லெப்டொப்ல டிஎச்சிபிப் பட்டியல்ல ஒரு வரி சேத்தான், ஒரு வெறும் ஃபோல்டர் செய்தான். "வேற என்ன மாமா செய்யணும்?" எண்டான். வேற ஒண்டுமில்ல எண்டன். பெட்டியச் சின்னதாக் கண்டதுக்கு, பொடி இறாலுக்குச் சொல்லுற கூனி எண்ட பேர வெச்சான், சுவிட்சத் தட்டினம், புள்ளி ஊர்ந்தது, கோடு கிறுகினது, ரெண்டு நிமிசத்தில கூனி லொகின் எண்டு வந்து நிண்டது.